மனைவிக்குக் கம்பைலர் புத்தகம் வாங்கப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன், மன்னார் நகரில் நடந்த ஒரு புத்தகக் கண்காட்சியின் கடைசி நாள். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் செய்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறாள். வேலையோடு வேலையாகப் பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு கம்பைலர் செய்து கொடுக்க வேண்டும். நாம் எழுதுகிற புரோகிராமைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்கிற சாமான் அது என்று எனக்குச் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று. இந்த முறையும் சரிவராவிட்டால் படிப்பையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கிற வேலை. "நல்ல புத்தகமா ஒண்டு பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று என்னை அனுப்பிவிட்டாள். எது நல்லது என்று நான் எதைக்கொண்டு பார்ப்பது? கம்பைலர் புத்தகங்கள் ஐந்தாறு இருந்தன, எல்லாம் ஆங்கிலம். விதைநெல் மூட்டையைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தேன். இருப்பதிலேயே பாரமானதை எடுத்தேன்.

பக்கத்தில் புத்தகம் தெரிவுசெய்துகொண்டு நின்ற, முக்காடு போட்ட ஒரு தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆருக்கு அண்ணா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா எந்த இடத்தில மாட்டுப்பட்டு நிக்கிறா எண்டு தெரியுமா?"

எனக்கே அதிசயம், தெரிந்திருந்தது. "ஷிஃப்ட் ரெடியூஸ் கொன்ஃபிளிக்ட்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சோறு வடிக்கும்போதும், பிள்ளையை நித்திரையாக்கும்போதும் அதைத்தானே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். என்ன சாமான் என்று தெரியாமலே எனக்குப் பாடமாகிவிட்டது.

அந்தத் தங்கச்சி ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலும் இருக்கிற சொல்லடைவில் அதைத் தேடினாள். என்னுடைய பாரமான புத்தகத்தில் அது இரண்டு வரியோடு சரி. மற்றவற்றிலும் அப்படித்தான். பிறகு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த மெல்லிய புத்தகத்தைத் திறந்தாள். அதில் அதற்கென்றே ஓர் அத்தியாயம், படமும் உதாரணமுமாக. அங்கே இருந்ததும் அந்த ஒரு பிரதிதான்.

"கொண்டுபோங்கோ அண்ணா. எனக்கு அடுத்த வருஷந்தான் தேவை, பிறகு கொழும்பில எடுப்பிக்கிறன்."

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்ல, கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்த மனைவி, தோள்பையையும் இறக்காமல் அந்த அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுதான் வேணுமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சில நாட்களில் கம்பைலர் சரிவந்தது, பட்டமும் கிடைத்தது. அவள் படிப்பு எனக்கு விளங்காது என்று ஒதுங்கியே இருந்த எனக்கு, அவளுக்குப் பக்கத்தில் நிற்கவும் ஓர் இடம் உண்டு என்று காட்டிவிட்டுப் போன அந்தத் தங்கச்சியை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைகிறது.