ரப்பர் இல்லாத பென்சில்

புதுப் பென்சில் வாங்கினால் தபீதாள் டீச்சர் முதலில் முனையைச் சீவமாட்டார். பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே தகர வளையத்துக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரை, பாதியாக உடைத்த பிளேடால் வளையத்தை ஒட்டி ஒரு சுற்று அறுப்பார். அவசரப்படமாட்டார். துண்டு விழுந்ததும் அதைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக் கூடையில் போடுவார். வளையத்துக்குள் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் குண்டூசியால் நோண்டி, ஊதி, விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால்தான் பென்சிலைத் திருப்பி முனை சீவுவார்.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காரியம் இது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, பதினோராம் வகுப்புக்கு குரூப் கொடுக்கும் மூன்று நாட்களுக்கு முன்னால்.

"பென்சிலுக்கு மூக்கறுப்பு முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்பார் ஆபீஸ் கிளார்க் ஸ்ரீநிவாசன். டீச்சர் லேசாகச் சிரிப்பார். காரணம் மட்டும் சொன்னதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் உள்ள அந்தப் பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். சேர்க்கை மேஜையில் இருபது வருடமாக உட்கார்ந்தவர். வேலை இதுதான்: மாணவி தன் விண்ணப்பத்தில் எந்த குரூப் வேண்டும் என்று பென்சிலால் எண் போட்டுக்கொண்டு வருவாள். கணக்கும் விஞ்ஞானமும் வேண்டுமென்றால் ஒன்று. கம்ப்யூட்டர் என்றால் இரண்டு. காமர்ஸ், அக்கவுண்டன்சி என்றால் மூன்று. டீச்சர் மதிப்பெண்ணைப் பார்த்து, பேசி, சரி என்றால் சாயங்காலம் அந்த எண்ணின் மேலேயே மையால் எழுதுவார். மை பட்டபிறகு மாற்ற முடியாது. அதற்காகத்தான் பென்சில்.

டீச்சருக்கும் அப்படி ஒருத்தர் எழுதியதுதான். அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். பி.யு.சி. சேரும்போது தபீதாள் சரித்திரம் படிக்க விரும்பினார். கணக்கில் மார்க் நிறைய என்று பள்ளித் தலைமை ஆசிரியை விண்ணப்பத்தில் அவர் எழுதியதை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதினார். அதனால்தான் தனக்கு ஒரு வேலையும் சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கமாக ஒரு சின்ன வீடும் கிடைத்தன என்று டீச்சர் நம்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் கேட்டாலும், "என்னை எழுதினவங்க சரியாத்தான் எழுதினாங்க" என்பார். 2005 ஜூன்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஜூனில் கைனாத் வந்தாள். இரும்புலியூர்ப் பெண். அப்பா ஜாபர் மார்க்கெட் தெருவில் தையல் சாமான் கடை வைத்திருந்தார். ஜிப்பு, லைனிங், பொத்தான். ஐந்நூறுக்கு நானூற்று அறுபத்திரண்டு. கணக்கில் தொண்ணூற்றெட்டு. விண்ணப்பத்தில் மூன்று என்று எழுதியிருந்தாள்.

"தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு மூணா?" என்றார் டீச்சர். கடையில் உட்கார ஆசை என்று அவள் சொன்னாள். பொத்தானைப் பார்த்ததும் எந்த அட்டையில் அதற்கு ஜோடி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமாம். ஜாபர் பெருமையும் கூச்சமுமாக, எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் பார்த்து எழுதினால் சரி என்றார். டீச்சர் பென்சிலைத் தலைகீழாகத் திருப்பினார். மூன்றை அழித்தார். ஒன்று எழுதினார்.

மேஜை விளிம்பில் கைனாத்தின் கை இருந்தது. அதன் மேல் இளஞ்சிவப்பாக ரப்பர்த் துகள்கள் விழுந்தன. அவள் அதைத் தட்டிவிடவில்லை. மற்றக் கையின் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். எடுத்து என்ன செய்தாள் என்று டீச்சர் பார்க்கவில்லை. அடுத்த விண்ணப்பம் வந்துவிட்டது.

காலாண்டுத் தேர்வில் கைனாத் இயற்பியலில் முப்பத்தெட்டு வாங்கினாள். அதன்பிறகு வருவதும் வராததுமாக இருந்தாள். தீபாவளி கழிந்து வரவே இல்லை. டிசம்பரில் பெயரை அடித்தார்கள்.

டீச்சர் ஒரு சனிக்கிழமை இரும்புலியூருக்குப் போனார். கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் நாலாவது வீடு. மாடியில் கைனாத் படுக்கை விரிப்புகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து என்று விரிப்புகள். வெள்ளை வெள்ளையாகக் காற்றில் உப்பின. அவற்றுக்கு நடுவே அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கீழே குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. டீச்சர் குடையை விரித்து முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தார். என்ன கேட்பது? நான் அழித்ததால்தான் நின்றுவிட்டாயா என்றா?

அதற்குப் பிறகு அந்தப் பெண் டீச்சரை விடவில்லை.

ஜனவரியில் ஒரு காலை வருகைப் பதிவு எடுக்கும்போது, அடித்த பெயர் என்று கவனிக்காமல் "கைனாத்" என்று கூப்பிட்டுவிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்திரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் யாரோ வாய்தவறிச் சொல்லியிருப்பார்கள். யார் என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து எந்த வகுப்பில் பெயர் கூப்பிட்டாலும், கடைசிப் பெயருக்குப் பிறகு ஒரு வினாடி நிறுத்துவார். அந்த ஒரு வினாடியில் அது கேட்கும்.

கைனாத்தின் விண்ணப்பம் ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் இருந்தது. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது கைக்கு வந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் நீல மையில் எழுதிய ஒன்றுக்கு அடியில் மூன்றின் பள்ளம் தெரிந்தது. ரப்பர் கரியைத்தான் எடுக்கும், அழுத்தத்தை எடுக்காது என்று இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்தும் அவருக்குத் தோன்றியதில்லை. அடுத்த ஜூனில்தான் பென்சில்களின் பின்பக்கத்தை அறுக்கத் தொடங்கினார். கூடவே இன்னொரு வழக்கமும் வந்தது. பிள்ளையிடம் கேட்கும்போது பெற்றோரை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்வார்.

கைனாத் சேர்ந்து நாலு வருடம் கழித்து, 2009-இல், சேர்க்கையின் இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு வரிசையில் ஜாபர் நின்றிருந்தார். தாடியில் நரை ஏறியிருந்தது. பக்கத்தில் வெள்ளை ஸ்கார்ஃபில் ஒரு பெண். டீச்சர் ஒரு கணம் கைனாத் என்றே நினைத்தார். அதே நெற்றி, அதே போல மேஜை விளிம்பில் வைத்த கை.

"ஞாபகம் கீதுங்களா டீச்சர்? தையல் சாமான் கடை. பெரிய பொண்ணு இங்கதான் படிச்சுகினு இருந்துச்சு. இது சின்னது, சாஹிரா."

"மூத்தவ எப்படி இருக்கா?" என்று டீச்சர் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வூட்லதான் கீது. அது இல்லாட்டி எங்க வூடே நடக்காது டீச்சர்."

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரை வெளியே நிற்கச் சொன்னார்.

சாஹிரா நானூற்று நாற்பத்தொன்று. விஞ்ஞானத்தில் தொண்ணூற்று நாலு. எண் போடும் கட்டம் காலியாக இருந்தது. அந்த அறையின் கரும்பலகையில் பன்னிரண்டாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸில் வரைந்த இயற்பியல் படம் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது: சாய்தளம், அதன்மேல் ஒரு கட்டை, அம்புக்குறிகள். சாஹிரா அதையே பார்த்துக்கொண்டு விரலால் முழங்கால்மேல் என்னவோ கீறிக்கொண்டிருந்தாள். படத்தைக் கண்டு பயப்படுகிறாள் என்று டீச்சர் நினைத்தார். அன்றைக்கு அக்காவும் பயந்துதான் இப்படி விரலால் துகள்களை ஒற்றினாள் என்று தோன்றியது. அந்தக் காலிக் கட்டத்தில் இன்றைக்கு எழுதுவது சரியாக இருக்க வேண்டும், இந்த ஒருத்தி விஷயத்திலாவது சரியாக இருக்க வேண்டும் என்று பென்சிலை இறுகப் பிடித்தார்.

"எந்த குரூப்மா?"

"ஃபர்ஸ்ட் குரூப் டீச்சர்." சட்டென்று வந்தது, மனப்பாடம் செய்ததுபோல.

"யார் சொன்னா?"

"அக்கா."

மின்விசிறிக் காற்றில் விண்ணப்பங்கள் படபடத்தன. டீச்சர் அவற்றின்மேல் கையை வைத்து அமுக்கினார்.

"அக்கா சொன்னது இருக்கட்டும். அவளால முடியாததை உன் தலையில ஏத்தி வச்சிருக்காளா?"

"அப்படி இல்ல டீச்சர். புக்கெல்லாம் வீட்லயே இருக்கு, அக்காதான்..."

"புக்கு இருக்குன்னு யாராச்சும் குரூப் எடுப்பாங்களா?"

டீச்சர் குரலைத் தணித்தார். பயப்படாமல் சொல்லச் சொன்னார். இங்கே யாரும் எதையும் அழிக்கமாட்டார்கள் என்றார். பென்சிலின் பின்பக்கத்தைக்கூடக் காட்டினார், வெறும் தகர வளையம். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. வளையத்தையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு வராதுன்னு நினைக்கிறீங்களா டீச்சர்?"

இத்தனை வருடமாகக் காத்திருந்த வாக்கியம் இதுதான் என்று டீச்சருக்குத் தோன்றியது. அன்றைக்குக் கைனாத்தைக் கேட்கவிட்டிருந்தால் அவளும் இதைத்தான் கேட்டிருப்பாள். கண் நிறைந்துவிடும்போல் இருந்தது.

"வராதுன்னு இல்லம்மா. வந்தே ஆகணும்னு இல்ல. கடை இருக்கு, காமர்ஸ் படிச்சா அப்பாவுக்கும் உதவி. யாருக்காகவும் நீ படிக்க வேண்டாம்."

சாஹிரா கரும்பலகையை இன்னொரு முறை பார்த்தாள். வெளியே யாரோ ஒரு அம்மா, தன் பெண்ணுக்கு கம்ப்யூட்டர் குரூப் இல்லையென்றால் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் வாசலிலேயே படுத்துவிடுவேன் என்று ஸ்ரீநிவாசனை மிரட்டிக்கொண்டிருந்தார். பாய் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்பதும் கேட்டது.

"சரி டீச்சர். தேர்ட் குரூப்பே போட்டுக்கோங்க."

டீச்சர் மூன்று எழுதினார். அழிக்க ஒன்றும் இருக்கவில்லை. சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை, அப்போதே பேனாவைத் திறந்து அதன்மேல் மையை ஓட்டினார்.

உள்ளே வந்த ஜாபர் எண்ணைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"அவளே கேட்டா" என்றார் டீச்சர்.

"நீயாமா கேட்ட?"

சாஹிரா தலையை ஆட்டினாள்.

"நீங்க இருக்கசொல்ல நமக்கு இன்னா கவலை டீச்சர்" என்று சொல்லி ஜாபர் கையெழுத்துப் போட்டார். போகும்போது அந்தப் பெண் மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். டீச்சர் அந்த இடத்தைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது, ஒரு துகள் இல்லை.

அந்த வருடம் முழுக்க வருகைப் பதிவு எடுத்த பிறகு எந்தக் குரலும் கேட்கவில்லை. கடைசிப் பெயருக்குப் பின் அந்த ஒரு வினாடி நிறுத்துவார், வகுப்பு அமைதியாகவே இருக்கும். அடுத்த மே மாதம் டீச்சர் ஓய்வு பெற்றார். விடைபெறும் கூட்டத்தில் ஸ்ரீநிவாசன் ரப்பர் வெட்டிய ஒரு டஜன் பென்சிலைக் கட்டிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரும்தான். சிட்லபாக்கம் வீட்டை விற்றுவிட்டுத் தம்பி குடும்பத்தோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். நிம்மதியாக இருக்கிறார் என்று கேள்வி.

மீதி விஷயம் தெரியவந்தது அவர் போன பிறகுதான். மார்க்கெட் தெருக் கடையில் பொத்தான் அட்டைகளை அடுக்கிக்கொண்டே கைனாத் சொன்னது. 2005-இல் காலாண்டுத் தேர்வு வாரத்தில்தான் அவள் அம்மா ஹஃபீசாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடதுபக்கம் முழுக்கப் போய்விட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது, பள்ளிக்கூடம் அதனால்தான் நின்றது. எண்ணை மாற்றியதில் முதல் வாரம் அவளுக்கு டீச்சர்மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் ஜூலையிலேயே இயற்பியல் பிடித்துப்போய்விட்டது. நின்ற பிறகு அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லித்தராமல், புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். தங்கையின் பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து விசைகள் பாடத்தில் பாதிவரை சொல்லிக்கொடுத்திருந்தாள். சாய்தளக் கணக்கு சாஹிராவுக்கு விரல்நுனியில் இருந்ததாம்.

சேர்க்கைக்கு முந்தின நாள் கைனாத் எட்டுப் புத்தகங்களுக்கும் புதிதாகப் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, "ஜ. சாஹிரா, பதினோராம் வகுப்பு, முதல் பிரிவு" என்று மையால் எழுதி வைத்திருந்தாள்.