எதிர்வீட்டு அண்ணனின் மடிக்கணினி

உடுமலைப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு, பழைய மடிக்கணினியில் செய்தித்தாள் படிப்பார், கடிதம் எழுதுவார். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் எனக்கு வேலை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, இனி அப்டேட்டே வராதுன்னு சொல்லுதுங்க. அப்படீன்னா என்னங்க?"

போய்ப் பார்த்தேன். பழைய வகைக் கணினிகளுக்கான முப்பத்திரண்டு பிட் லினக்ஸ் பதிப்பை நிறுத்திவிட்டார்கள்; நான் போட்டிருந்தது அதுதான். புதியது அறுபத்து நான்கு பிட் கணினிகளுக்கு மட்டும்தான்.

"வேற வாங்கிக்கலாங்கண்ணா," என்றேன் சட்டென்று.

அவர் விரல்கள் விசைப்பலகையின் ஓரத்தைத் தடவின. "இதுல எல்லாமே கைக்குத் தெரியுமுங்க. பரவால்லீங்க, புதுசையும் பழகிக்கறேன்."

என்னை வழியனுப்ப வாசல்வரை வந்த அக்கா, அண்ணனின் மனைவி, தணிந்த குரலில், "காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க," என்றார்.

மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய் அந்தக் கணினியின் பிராசசர் என்னவென்று பார்த்தேன். அறுபத்து நான்கு பிட்டும் அதில் ஓடும்! முதன்முறை நிறுவும்போது அதைப் பார்க்காமலே பழைய பதிப்பைப் போட்டிருந்தேன்.

"தப்பு என்னுதுங்கண்ணா. இதையே வெச்சுக்கலாம்," என்றேன். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

அவருடைய கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவினேன். முடிந்து திரை வந்தது; குரல் வரவில்லை. எனக்குத் திரை தெரிந்தது, அவருக்கு ஒன்றுமே இல்லை. கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் தேடியபின் தெரிந்தது: ஒலி, டிவி இணைக்கும் துளைக்குப் போய்க்கொண்டிருந்தது. மாற்றினேன். கணினி பேசியது.

"என்னங்க இது, தூக்கத்துல பேசறாப்ல இழுக்குது!" என்று சிரித்தார். தானே வேகத்தைக் கூட்டினார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகம். தலையை லேசாகச் சாய்த்து அன்றைய செய்திகளைக் கேட்கத் தொடங்கினார்.

அக்கா தட்டில் இட்லி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். நான் கிளம்பியது அவருக்குத் தெரியவில்லை.