அக்கா மழை கேட்ட மே மாதம்

முகாம் முடிந்து அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுடைய இடது மணிக்கட்டில் பச்சைக் கம்பளி நூல் ஒன்று கட்டியிருந்தது. அவளையும் அவளுடைய பையையும் விட எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் கையில் கயிறு கட்டும் வழக்கம் கிடையாது. அக்கம்பக்கத்தில் கோயில் கயிறு கட்டியிருப்பார்கள். நாங்கள் ஆசையாகப் பார்த்தால், நமக்கு அதெல்லாம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிடுவாள். இப்போது சர்ச்சில் நடத்திய வாலிபர் முகாமிலேயே நூல் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். "இன்னாடி இது?" என்று அம்மா அங்கேயே கேட்டாள். "ஜெபத் துணைக்கு அடையாளம்மா. கேட்டது கெடைக்கிற வரைக்கும் அறுக்கக் கூடாது" என்றாள் அக்கா. எதைக் கேட்டாய் என்று அம்மா அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மே மாதத்தில் எங்கள் பயம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கியிருக்கும்.

அது 2005. முந்தைய டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் உள்ளே வந்துவிட்டது. மரக்காணம் உப்பளத்தில் அம்மாவும் அப்பாவும் வேலை செய்த பாத்திகளில் மணலும் கருஞ்சேறும் ஏறிக் கிடந்தன. வரப்புகள் இருந்த இடமே தெரியவில்லை. சேற்றை வாரிக் கொட்டி, வரப்பு போட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, மறுபடி உப்புத் தண்ணீர் விட்டு, பாத்தியில் வெள்ளை பூக்கும்போது பருவத்தில் பாதி போய்விட்டது. மீதி இருந்த வெயிலை நம்பித்தான் அம்மா அக்காவின் படிப்பைப் பற்றி சர்ச் ஐயரின் மனைவி ஐயரம்மாவிடம் பேசிவைத்திருந்தாள். அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். உப்பு தடையில்லாமல் வாரினால் அந்தக் கூலியில் அவளை நர்சிங் சேர்த்துவிடலாம். எங்கள் வீட்டில் யாரும் பாத்தியை விட்டு வெளியே போய்ச் சம்பாதித்ததில்லை. அக்காதான் முதலில் போகப்போகிறவள்.

முகாமிலிருந்து அவள் கொண்டுவந்த பாடங்கள் ஒன்றிரண்டு அல்ல. காபி குடிக்குமுன்கூடக் கண்ணை மூடி ஜெபித்தாள். எங்களையும் மூடச் சொன்னாள். "ஆண்டவருக்கு ஆறிப்போன காபிதான் புடிக்கும் போல" என்று அப்பா கேலி செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பள மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட வந்து, வாசலில் நின்று அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லும்படி அப்பா உள்ளிருந்து கையைக் கையை ஆட்டினார். அக்கா பொய் சொல்ல மாட்டேன் என்று முகாமில் எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்தவள். "உள்ளதான் இருக்காருங்க, கைய ஆட்டிக்கினு இருக்காரு" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இதையெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே பொறுத்தாள்.

நூலின் விஷயம்தான் பொறுக்கும்படி இல்லை. வந்த மறுநாள் சாயங்காலம் அக்கா வாய்விட்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, மழையக் குடுங்க. நல்லாப் பேயணும்." விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். உப்பளத்தில் பருவ காலத்தில் அந்தச் சொல்லையே யாரும் எடுப்பதில்லை. எங்கள் சனம் அதை "அது" என்றுதான் சொல்லும். "அது வராப்ல இருக்குது", "அது வந்தா போச்சு". ஒரு நல்ல மழை போதும், விளைந்த உப்பு கரைந்துவிடும். பாத்தியை வடித்து, காயவிட்டு, முதலிலிருந்து மிதிக்க வேண்டும். அதுவரைக்கும் கூலி கிடையாது. அதைத்தான் என் அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா உலுக்கிக் கேட்டதும் விஷயம் வந்தது. முகாமில் ஆளுக்கொரு ஜெபத் துணை. தன் தேவைக்குத் தானே கேட்கக்கூடாது. துணையின் தேவையைத் தன்னுடையதாக நினைத்துக் கேட்க வேண்டும். அதுதான் முகாமின் பெரிய பாடமாம். அக்காவுக்கு வாய்த்தவள் எங்களுக்கு மேற்கே, பெருமுக்கல் மலைப் பக்கத்துப் பெண். அவர்கள் வீட்டுக் கிணறு வற்றி, கடலைச் செடி கருகி, அவளுடைய அப்பா தினமும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறாராம். "அதுக்கு நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடணுமாடி?" என்றாள் அம்மா. "வாக்கு குடுத்துட்டேம்மா" என்றாள் அக்கா. கோபத்தில் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அவ்வளவு சாந்தமாகச் சொன்னதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அம்மா தேவ பக்தி உள்ளவள். அக்காவின் ஜெபம் கேட்கப்படாது என்று நினைக்க அவளால் முடியவில்லை. அதுதான் சிக்கல். ஜெபிக்காதே என்று சொன்னால் பாவம், ஜெபிக்கவிட்டால் பாத்தி போச்சு. பாத்தியில் உடன் வேலை செய்யும் பெண்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. அவர்களும் இந்த வெயிலைத்தானே நம்பியிருந்தார்கள். வாசலில் யாராவது நடந்துபோனால் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். நானும் என் பங்குக்குப் போர்வைக்குள் படுத்தபடி, "அக்கா சொல்றத இந்த மாசம் மட்டும் கேக்காதீங்க" என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு எங்கள் வீட்டால் எவ்வளவு தலைவலி என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. கடலுக்குப் பயந்து முடிவதற்குள் வானத்துக்குப் பயப்படும் காலம் வந்துவிட்டதே என்றுதான் இருந்தது. காலையில் எழுந்தால் முதலில் மேற்கே பார்ப்பேன். கோடையில் அது மேற்கிலிருந்துதான் வரும்.

வந்தது. ஒரு மத்தியானம் மேற்கே கறுத்து, காற்று திரும்பி, ஈர மண் வாசனை எங்கள் பாத்திக்கு முன்னால் வந்து நின்றது. எல்லாரும் ஓடினார்கள். அக்காவும் ஓடினாள். வாரி வைத்திருந்த உப்புக் குவியல்மேல் கீற்றுகளை இழுத்துப் போட்டு, காற்றில் பறக்காமலிருக்க அவளும் அம்மாவும் அதன்மேலேயே படுத்துக்கொண்டார்கள். குவியல் பாதிக்குமேல் தப்பியது. பாத்திகள் தப்பவில்லை. மழை விட்டபோது அதுவரை கண்ணைக் கூசவைத்த வெள்ளை எல்லாம் கலங்கல் தண்ணீராக நின்றது. அம்மா அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா அன்று ஜெபிக்கவில்லை. மறுநாளும் இல்லை. நர்சிங் பற்றிய பேச்சும் வீட்டில் நின்றுபோனது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் ஒரு பெண் நுங்குக் குலையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே பச்சை நூல். பெருமுக்கல் பெண் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "மரக்காணத்துல பேஞ்சுதுன்னு பஸ்காரங்க சொன்னாங்க. எஞ் ஜெபந்தான் சரியில்ல போலம்மா" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ இன்னாம்மா கேட்ட?" என்றாள். "வெயிலுதாங்க. உப்பு முடியிற வரைக்கும் வெயில் அடிக்கணும்னு கேக்கச் சொல்லிச்சு உங்க பொண்ணு. எங்க அப்பா கூட ஏசினாரு, கெணறு காஞ்சி கெடக்குது, வெயிலுக்கு ஜெபிக்கிறியான்னு."

அக்கா முகாமில் கேட்ட ஒன்றே ஒன்று அதுதான். தன் படிப்பைக் கேட்கவில்லை. எங்கள் பாத்திக்கு வெயிலைக் கேட்டிருந்தாள். நாங்கள் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு பயந்த நாளெல்லாம், வற்றிய கிணற்றின் பக்கத்தில் ஒரு பெண் எங்களுக்காக ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். "உங்க ஊர்ல பேஞ்சுதா?" என்று அம்மா மெல்லக் கேட்டாள். "ஒரு தூத்தல் இல்லீங்கம்மா. மேகம் எங்க மலைக்கு மேலதான் போச்சு. இங்கியே எறங்கிடு, அங்க போவாதன்னு கேட்டேன். நிக்கல." சொல்லிவிட்டு அழுதாள். அக்கா உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். "ரெண்டு பேரும் அறுத்துடலாம்" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா அந்தக் கத்தரிக்கோலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அவ கெணத்துல தண்ணி ஊறலியே. அதுக்குள்ள நீ எப்படி அறுப்ப?" என்றாள்.

மறுநாள் காலை பாத்தியைக் காலால் மிதிக்கத் தொடங்குமுன் அம்மா சேற்றில் நின்று கண்ணை மூடினாள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நான் வரப்பில் இருந்தேன். "ஆண்டவரே, பெருமுக்கல் பக்கம் மழையக் குடு" என்றாள், சத்தமாக. பக்கத்துப் பாத்திப் பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பாத்தியில் நின்று அந்தச் சொல்லை ஒருவர் வாயால் நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "அப்படியே இங்க வெயிலும் குடு" என்று சேர்த்துக்கொண்டாள். ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லாரும் மிதிக்கத் தொடங்கினார்கள்.

அக்கா அந்த வருஷம் படிக்கப் போகவில்லை. அம்மாவோடு பாத்தியில் இறங்கினாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நூல் வெளுத்து விறைத்துப்போனது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது எங்களுக்கும் பாத்தி ஓய்ந்த காலம். அப்போது யார் மழை கேட்டாலும் எங்களுக்கு நஷ்டமில்லை. பெருமுக்கல் பெண் சர்ச் ஐயர் வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, கிணறு பாதி ஏறிவிட்டது என்றாள். அன்று அம்மாவே நூலை அறுத்தாள். முடிச்சுக்குள் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. ஜெபம் கேட்கப்பட்டதா, பருவம்தான் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அடுத்த வருஷம் அக்கா நர்சிங் சேர்ந்தாள்.

இப்போது அவள் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் வீட்டிலிருந்தே ஆரோவில்லுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மழை வந்தால் எங்கள் இருவர் சம்பளத்திலும் ஒன்றும் கரைவதில்லை. ஆனாலும் மே மாதம் மேற்கே கறுத்தால் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பேன். அக்காவிடமிருந்து வீடியோ கால் வரும். இன்னும் பாத்திக்குப் போகும் அம்மாவிடம் நலம் விசாரிப்பதற்கு முன்பே அக்கா, "மேகம் எந்தப் பக்கம்மா நிக்குது?" என்பாள். "மலை மேல" என்பாள் அம்மா. "அங்கியே எறங்கட்டும்" என்று சொல்லும்போது, அக்கா கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி, நூல் இருந்த இடத்தைத் தேய்த்துக்கொள்வாள்.