ஏழு பேர் கடலான கதை

அவளை அலுவலகத்தில் எல்லோரும் வெட்டுக்கிளி என்பார்கள். செய்தி சேனலில் காட்சிகளை வெட்டி ஒட்டுகிற வேலை. அவள் கை பட்டால் நாலு துளித் தூறல் ஊரையே மூழ்கடிக்கும். மந்திரி விட்ட கொட்டாவி சூளுரையாகிவிடும்.

அன்று வந்த காட்சியில் ஏழே பேர். கொடி பிடித்துக்கொண்டு, வந்தேறிகள் எல்லாம் தெருவைக் காலி பண்ண வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பின்னால் ஈ காக்கை இல்லை. ஒரு நாய் மட்டும் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, மதிக்காமல் படுத்துக்கொண்டது.

செய்தி ஆசிரியர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நாயைத் தூக்கச் சொன்னார், காலித் தெருவையும்தான். முகங்களை மட்டும் நெருக்கமாக வைத்துத் திருப்பித் திருப்பி ஓட்டி, தலைவன் வாயிலிருந்து எச்சில் தெறிப்பதை மெதுவாக ஓடவிட்டு, அடியில் திடுதிடுவென்று மேளமும் சேர்க்கச் சொன்னார். அந்த எச்சிலைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வெட்டினாள். கச்சிதமாக.

வாரம் முழுக்க மணிக்கு மணி ஓடியது. தங்கை வீட்டுக்குப் போனால், தங்கை புருஷன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். வெளியூரிலிருந்து வந்து, அந்த ஏழு பேர் கத்திய அதே தெருவில் சலூன் வைத்திருப்பவன்.

“ஏழு பேருதான் தம்பி. வெட்டினதே நான்தான்.”

“உங்களுக்குத் தெரியும் அக்கா. டிவி பாத்துட்டு கடைப்பக்கமே வராதவங்களுக்கு யாரு சொல்றது?”

மறுநாள் ஆசிரியரிடம் போனாள். எத்தனை பேர் என்று சொல்லுவோம், தள்ளி நின்று காட்டுவோம், விரட்டப்படுகிறவனிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்றாள். அவர் டீயை உறிஞ்சினார்.

“ஏழு பேரு தெருவுல நின்னா அது ஒரு செய்தியாம்மா?”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டூடியோவில் அதே தலைவனுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்கள். மீசையின் இடப்பக்கம்தான் எடுப்பு என்று அவன் கேமராக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அவள் துணிந்து, காலித் தெருவை மதியச் செய்தியில் ஒட்டிவிட்டாள். ஒரே தடவை ஓடியது. அதற்குள் அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டார்கள்.

தங்கை குடும்பம் ஊரை விட்டுப் போனது. காலியான கடையில் அந்தக் கூட்டம் தன் அலுவலகத்தைத் திறந்தது. திறப்புவிழாக் காட்சியும் அவள் மேசைக்கே வந்தது. இந்த முறை ஒட்டுவேலை எதுவும் தேவைப்படவில்லை. எவ்வளவு தள்ளி நின்று எடுத்திருந்தாலும் தெரு அடைத்து ஆள். முன்வரிசையில், வருஷக்கணக்காக அந்தச் சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு ஊர்வம்பு பேசினவர்கள்.

“மேளம் போட்டுடும்மா” என்றார் ஆசிரியர்.

அந்த எச்சில் நினைவு வந்து வாய் கொப்பளிக்க எழுந்து போனவள் அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை. வேறு ஆள் அன்றைக்கே கிடைத்துவிட்டது.