ஒற்றை நாற்காலி கிடையாது

சோபாக்காரருக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்காது. விசிட்டிங் கார்டில் ‘கல்விக்கூட உள்வடிவமைப்பாளர்’ என்று பளபளவென்று அச்சடித்து வைத்திருக்கிறார். என்ன பிரயோஜனம்? கட்டிய மனைவியே போனில் அவரை ‘சோபா’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடங்களில் வகுப்பறைக்கு வெளியே வீணாகக் கிடக்கும் இடத்தைப் பிடித்து, பிள்ளைகள் உட்கார்ந்து பேச, படிக்க, சும்மா இருக்கத் தோதாக மாற்றித் தருவதுதான் அவர் தொழில். பிரேக்அவுட் ஸ்பேஸ் என்பார்கள். சும்மா இருப்பதற்கு மனிதர் வரைபடம் போடுவார், சத்தம் அடங்க விரிப்பு போடுவார், மேசை முனைகளை உருட்டச் சொல்வார். பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள் என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

இதில் கொள்கை வேறு. அவர் போடும் அறையில் ஒற்றை நாற்காலி கிடையாது. எல்லாம் ஆறு பேர் உட்காரும் வளைந்த சோபா.

“தனியா ஒரு சேர் போட்டா ஒரு புள்ள தனியா உக்காரும். சேரே இல்லன்னா கூட்டத்தோட சேர்ந்துதானே ஆகணும்!” என்று சாப்பாட்டு மேசையில் முழங்குவார். மனைவி, “சாப்பாடு ஆறுதுங்க” என்பாள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் பேச்சில் பிள்ளை சொக்கிப்போய்விட்டாள் என்று இவர் நினைத்துக்கொள்வார். அவ்வளவு விவரமான ஆள்!

மகள் படிக்கும் பள்ளியிலேயே கீழ்த்தள வேலை கிடைத்தது, முடித்தும் கொடுத்தார். மாடி வேலையும் தனக்கே வரவேண்டுமென்று தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்குப் புதிதாக வந்தவர். யார் யாருடைய பிள்ளை என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

“பிரமாதம் சார். இடைவேளை விட்டா உள்ள இடம் பிடிக்க அடிதடிதான்,” என்றார். சோபாக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

“ஒரே ஒரு குறை. ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி மட்டும் மாடிப்படிக்கு அடியில போய் உக்காந்துக்கறா. எத்தனை தடவ எழுப்பினாலும் மறுநாள் அங்கதான் இருக்கா. அந்த இடத்த அடைச்சுக் குடுத்திடுங்க. கையோட மாடி வேலையையும் ஆரம்பிச்சிடலாம்.”

“இவ்வளவுதானே மேடம்? கச்சிதமா ஒரு புத்தக அலமாரி செஞ்சு தள்ளிடுறேன். எலி கூட உள்ள போகாது.”

ஏழாம் வகுப்பு என்றதும் மனதில் சுருக்கென்று ஏதாவது தைத்திருக்க வேண்டாமா? ஊஹூம். அலமாரிக்கு மஞ்சளா, நீலமா என்ற மகத்தான யோசனையில் இருந்தார் மனிதர்.

படிக்கு அடியில் மண்டியிட்டு, பாதி உடம்பை உள்ளே நுழைத்து அவர் அளந்துகொண்டிருந்தபோது மதிய மணி அடித்தது. பின்னால் ஒரு காலடிச் சத்தம் வந்து நின்றது.

“அப்பா?”

கையில் சாப்பாட்டு டப்பாவோடு மகள் நின்றாள்.

“நீ எங்கம்மா இங்க?” என்றார். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

அவள் அவர் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். “இதையும் அடைச்சிட்டா நான் எங்கப்பா போறது?”

“உள்ளதான் அவ்ளோ இடம் இருக்கேம்மா,” என்று முனகினார்.

“என் ஃப்ரெண்ட் வேற ஸ்கூலுக்குப் போனதுலேர்ந்து எனக்கு யாரும் இல்லப்பா. உள்ள அஞ்சு பேர் உக்காந்திருந்தாலும் ஆறாவது இடத்துல பைய வச்சிடுறாங்க.”

பைகளை மாட்ட அவர் வரிசையாகக் கொக்கி அடித்திருந்தார். அதற்குத் தனிப் பாராட்டு வேறு வாங்கியிருந்தார்.

“வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்களே கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவங்க நடுவுல உக்கார வச்சிடுவீங்க.”

செய்திருப்பார். சத்தியமாகச் செய்திருப்பார், அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருப்பார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் வரைந்தவருக்கு, பெற்ற பெண் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது தெரியவில்லை.

அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியை, “அளந்தாச்சா சார்? நான் சொன்னேனே, இந்தப் பொண்ணுதான்,” என்றார்.

சோபாக்காரர் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். “என் பொண்ணு மேடம். அலமாரி வேணாம். உள்ள ரெண்டு சோபாவ எடுத்துட்டு, ஜன்னலப் பாத்த மாதிரி தனித்தனியா சேர் போட்டுத் தரேன். அதுவரைக்கும் அவள இங்கேர்ந்து எழுப்பாதீங்க.”

“ஒத்த சேரே கூடாதுன்னு அரை மணி நேரம் என்கிட்ட பேசினீங்களே?”

“ஒளறியிருக்கேன் மேடம்.”

“அப்ப மாடி வேலை?”

“உங்களுக்குத் திருப்தி இல்லன்னா வேற ஆளப் பாருங்க,” என்றார்.

தலைமையாசிரியை அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்,” என்று நகர்ந்தார்.

மகள் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் உக்காரட்டுமா?” என்று கேட்டார் சோபாக்காரர். இத்தனை வருஷத் தொழிலில் உட்காருவதைப் பற்றி ஒரு பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் யோசித்தாள்.

“இன்னிக்கு மட்டும்,” என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள்.