தாய்மாமன் கொண்டு வந்த கலர் டிவி

எனக்குச் சடங்கு சுற்றியபோது தாய்மாமன் சீராக வந்தது ஒரு கலர் டிவி. மற்ற பெண்களுக்கு மாமன்மார் பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும் கொண்டு வந்த காலத்தில், என் மாமா பிரான்சிலிருந்து டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் ஒரே தம்பி அவர். தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்ததால் மாமா இருபது வயதிலேயே விமானம் ஏறி, அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காரைக்காலில் இதெல்லாம் அதிசயமில்லை. தெருவுக்கு இரண்டு வீட்டில் அப்படி ஒரு மாமா இருப்பார்.

சீர்த்தட்டுகளுக்கு நடுவில் டிவியை வைத்து அதற்கும் ஒரு மாலை போட்டார்கள். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, தென்கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்பினார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் இலங்கை டிவிதான் தெளிவாக எடுக்கும். பந்திக்குப் போனவர்கள்கூட இலையை விட்டு எழுந்து வந்து நின்றார்கள். மாமா சுவிட்சைப் போட்டார். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். மாமா இருந்த குமிழையெல்லாம் திருகினார். ஆன்டெனாவை அசைக்கச் சொல்லி மாடிக்கு ஆள் அனுப்பினார். வேர்த்துக் கொட்டியதே தவிர வண்ணம் வரவில்லை. அப்பாவின் பக்கத்து உறவினர் ஒருவர் வாய்விட்டே சிரித்தார். புகுந்த வீட்டார் முன்னால் தம்பியின் சீர் இப்படி ஆகிவிட்டதே என்ற வேகத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“சீருன்னு சொல்லிக்கிட்டு, அங்க வீட்ல வேண்டாம்னு கெடந்த பழச என் தலையில கட்டிட்டான்.”

மாமா எனக்கு மாலை போட்டார், சந்தனம் பூசினார், பந்தியில் உட்காராமல் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் கை நனைத்ததே இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் தருமபுரத்தில் தன் மாமியார் வீட்டில் தங்குவார். எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் வருவார், வாசனை சோப்பும் சாக்லேட்டும் கொடுப்பார், தண்ணீர் குடிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிகிற வரை நின்று அட்சதை போட்டுவிட்டுப் பந்தி தொடங்கும் முன் காணாமல் போனார். அப்படியொரு ரோஷம் என்று உறவில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

போன ஐப்பசியில் மாமா போன் செய்தார். தை பிறந்ததும் வருவதாகச் சொன்னார். இரண்டு முழங்காலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டதால் இனி அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது, இதுதான் கடைசி வரவு என்றும் சொன்னார். பேசி முடித்து அம்மா போனை என்னிடம் நீட்டினாள். அம்மா இப்போது காரைக்கால் கோவில்பத்தில் எங்களோடுதான் இருக்கிறாள்.

“இந்தத் தடவயாவது அவன் ஒரு வா சாப்புட்டுட்டுப் போவணும்,” என்றாள். “நா போனப்புறம் காரியத்துக்கு வந்து சாப்புட்டா எனக்கென்ன தெரியப்போவுது?”

இது சமையலால் தீர்கிற விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். விஷயம் கூடத்தில் புது டிவிக்கு அடியில் இருந்தது. மாமாவின் டிவி ஏழெட்டு வருடம் கறுப்பு வெள்ளையாகவே ஓடிவிட்டு ஒரு நாள் மொத்தமாக நின்றுபோனது. அதைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனமில்லை. அதன்மேல் விரிப்பைப் போட்டு, அடுத்தடுத்து வந்த டிவிக்கெல்லாம் அதையே மேசையாக்கிவிட்டாள். எங்களோடு வந்தபோதும் அதைக் கூடவே கொண்டு வந்தாள். அதில் ஒரே ஒரு தடவை கலர் வந்துவிட்டால் போதும், அந்த வார்த்தையை அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளலாம், மாமாவும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

தொலைபேசி நிலையத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவள் நான். ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பிடிக்கத் தெரியும். என் கணவர் மட்டும், இரண்டு மாதமாக ஓடாமல் கிடக்கும் மிக்சியை முதலில் பார்த்தால் வீட்டுக்குப் புண்ணியமாகப் போகும் என்றார். அவரை டவுனில் உள்ள அலுவலகத்துக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் தினமும் வேலையை ஆரம்பிப்பேன்.

பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருந்தது. பல்லி முட்டை ஓடுகள், கரப்பான் புழுக்கை, எலி கடித்த ஒயர். உப்புக்காற்று இரும்பு என்று இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தூசி எடுக்கவே மூன்று நாள் ஆனது. பழைய டிவியில் பிக்சர் டியூப் பொல்லாதது. அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாதபடி ஒரு கையை நைட்டிப் பைக்குள் விட்டுக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்தேன். வீட்டுக்குள் செருப்பு என்றால் என் அம்மாவுக்கு ஆகாது. அவளே என் ரப்பர் செருப்பைக் கழுவிக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள். நாற்பது வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த ஒரே சலுகை அதுதான்.

உப்பிப்போன கண்டன்சர்களையெல்லாம் மாற்றினேன். முதல் தடவை நேராகக் கரண்ட் கொடுத்தால் எது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துக் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, உள்ளே ஷார்ட் இல்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்தது. ஆன்டெனா சொருகும் துளையில் கேபிள் பெட்டியை இணைத்ததும் யாரோ ஒருவர் செய்தி வாசித்தார். கறுப்பு வெள்ளையில்தான்.

அதுவரைக்கும் சந்தோஷம். அதற்கப்புறம் மூன்று வாரம் கலரைத் தேடி நான் பட்ட பாடு இருக்கிறதே, கட்டிய புருஷனோடுகூட அவ்வளவு மல்லுக்கட்டியதில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சோதித்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. எல்லாம் நன்றாக இருந்தும் கலர் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? மாமா உண்மையிலேயே கடையில் தள்ளிய சரக்கைத்தான் தூக்கி வந்தாரோ என்று ஒரு மத்தியானம் எனக்கே தோன்றிவிட்டது. தோன்றிய மறுநிமிடம் வெட்கமாகவும் இருந்தது. அன்று அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில், பழைய டிவிகளைச் சரிசெய்கிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் படங்களைப் போட்டு உதவி கேட்டேன். மறுநாள் பிரான்சிலிருந்தே ஒருவர் பதில் எழுதியிருந்தார். உங்கள் டிவியில் ஒரு கோளாறும் இல்லை, என்றைக்குமே இருந்திருக்காது என்றார். வண்ணத்தை அனுப்புவதற்குப் பிரான்சில் ஒரு முறை, இந்தியாவிலும் இலங்கையிலும் வேறு முறை. அந்த டிவிக்குப் பிரான்சின் முறை மட்டும்தான் புரியும். நம்முடையதில் படத்தை எடுத்துக்கொண்டு வண்ணத்தை விட்டுவிடும்.

அதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாமா கடையிலேயே நல்ல சாமானாகப் பார்த்துப் புத்தம் புதிதாக வாங்கியிருக்கிறார். அங்கே பளபளவென்று கலர் காட்டிய டிவி, இங்கே வந்து அவர் மானத்தை வாங்கியிருக்கிறது.

அதே மனிதர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். டிவியின் பின்னால் விரல் நீளத்துக்கு இருபத்தொரு துளை கொண்ட ஒரு சொருகும் வாய் இருக்கும், அதன் வழியாகக் கொடுத்தால் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியாக நேரே டியூபுக்குப் போய்விடும், எந்த முறையும் குறுக்கே வராது என்று. அதற்குத் தோதான டிவிடி பிளேயர் பிரான்சில் விற்றது. காரைக்காலில் அது கிடைப்பதா கஷ்டம்? டவுனில் என் சிநேகிதி வீட்டுப் பரணில் கேபிளோடு கிடந்தது. அவள் மாமனார் எப்போதோ கொண்டு வந்தது. கையில் அகப்பட்ட எங்கள் கல்யாண சிடியைப் போட்டேன். திரையில் என் அரக்குக் கூரைப்புடவையும் அம்மாவின் கிளிப்பச்சைப் பட்டும் வந்தன. ஒரு மூலையில் மட்டும் ஊதாவாகக் கறை நின்றது. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கல்யாணத்தை அவள் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தாள்.

“அப்ப அவன் புதுசுதான் வாங்கிட்டு வந்திருக்கான்,” என்றாள். மறுநாளிலிருந்து தம்பியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னிடம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். தினமும் ஒரு வசனம்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மாமா வந்தார். கையில் தடி. ஆள் பாதியாகியிருந்தார். அவர் சாப்பிடுவாரா என்று தெரியாமலேயே அம்மா விடிந்ததிலிருந்து கொடுவா மீன் குழம்பும் இறால் வறுவலும் செய்து வைத்திருந்தாள். நான் அவரை டிவிக்கு எதிரே உட்கார வைத்துச் சுவிட்சைப் போட்டேன். பிரான்சின் முறை, நம் முறை என்று மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“தெரியும்மா,” என்றார். “திரும்பிப் போன வாரமே அந்தக் கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போனேன். இந்தியாவுல இது கலரு காட்டாதுன்னு அவன் சொன்னான். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கணும், நான்தான் கேக்கல. அத்தன பேரு முன்னாடி அக்காவத் தலகுனிய வச்சிட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த வீட்ல ஒக்காந்து சாப்புடுறது?”

நாங்கள் ரோஷம் என்று பேசிப் பேசி வந்தது வெட்கமாக இருந்திருக்கிறது. நாற்பது வருடம். இவர் அங்கே கூனிக் குறுகிக்கொண்டு, அவள் இங்கே வாயை நொந்துகொண்டு. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.

“கலரு வரலன்னா போவுது,” என்றாள். “நீ சாப்புட வந்திருக்கலாமுல்லடா.”

மாமா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் இலை போட்டேன். அம்மா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீனாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை.