பழனி எழுதிய நான்காவது விதி

நவம்பரில் பாதரசம் பதினாறுக்கு இறங்கினால் போதும், மைசூர் முழுக்கக் குரங்குக் குல்லாவுக்குள் போய்விடும். பால் வாங்க வருகிறவர்கள்கூட ஏதோ சிகரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போலக் கையைத் தேய்த்துக்கொள்வார்கள். குளிரைப் பற்றிப் பேச இந்த ஊரில் முறையான தகுதி உள்ளவர் பழனி ஒருவர்தான். அவரோ அரைக்கைச் சட்டையோடு திரிவார்.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர், வயது ஐம்பத்திரண்டு. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக். பட்டாணியும் ஐஸ்கிரீமும் கல்லாய்க் கிடக்கிற அறைகளைக் கெடாமல் காப்பது உத்தியோகம். இதுவரை அவர் குழாய்களிலிருந்து சுரண்டிப் போட்ட உறைபனியை ஒரே இடத்தில் குவித்திருந்தால் சாமுண்டி மலைக்குப் போட்டியாக இன்னொன்று எழும்பியிருக்கும். ஆனால் வானத்திலிருந்து பனி விழுந்து அவர் பார்த்ததில்லை. "நம்ம கையால பண்ணினதை மட்டும் பார்த்துட்டே ரிட்டயர் ஆகிறதா?" என்பது அவருடைய நெடுநாளைய கேள்வி.

இந்த வருடம் அதற்கு விடை கிடைத்தது. ஜனவரியில் மகள் சோனியாவுக்குக் கல்லூரி விடுமுறை. அவர், மனைவி லீலா, சோனியா மூவரும் மனாலி போவதென்று முடிவாயிற்று. டெல்லி ரயிலுக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். அதற்கு மூன்று வாரம் முன்பே பழனி ஆளுக்கு எத்தனை சாக்ஸ் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டார். லீலா புளிக்காய்ச்சல் டப்பாவோடு சமையலறையில் ஒத்திகை பார்த்தாள். சோனியா நாளுக்கு நான்கு தரம் மனாலியின் வெப்பநிலையைப் படித்துச் சொன்னாள். "மைனஸ் ரெண்டு அப்பா!" என்றால், பரீட்சையில் மகள் முதல் மார்க் வாங்கிய மாதிரி பழனிக்கு முகம் மலரும்.

இந்த மலர்ச்சியின் மேல்தான் லீலாவின் அக்கா உமாதேவி வந்து உட்கார்ந்தாள்.

"நானும் வர்றேன் மாப்ள. எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்க."

உமாதேவி நல்லவள். கைம்பெண், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள், ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியின் கேன்டீனில் வேலை. அவளிடம் குறை ஒன்றே ஒன்று. உலகத்தின் எந்த அதிசயத்தைக் காட்டினாலும், "இவ்ளோதானா?" என்பாள். ஜோக் அருவியின் முன்னால் நின்று அப்படித்தான் சொன்னாள். மங்களூரில் கடலைப் பார்த்துச் சொன்னாள். சோனியா பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்தும் அதையேதான் சொன்னாள் என்று லீலாவே சாட்சி சொல்லியிருக்கிறாள்.

இருபத்தாறு வருடம் காத்திருந்து, முதல் பனி தோளில் விழுகிற அந்த நொடியில், பக்கத்திலிருந்து "இவ்ளோதானா?" என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன ஆவான்? பழனிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியின் அக்காவை ஹனூர்ப் பக்கத்தில் நங்கை என்பார்கள். நங்கையை வராதே என்று சொல்ல அந்தத் தாலுகாவில் இன்னும் ஒரு ஆண்பிள்ளை பிறக்கவில்லை. ஆகவே பழனி விஞ்ஞானத்தின் துணையை நாடினார்.

கம்பெனியில் மூன்றாம் எண் அறையைப் பராமரிப்புக்காகக் காலி செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அதில் குடும்பத்தை உட்கார வைக்க மேனேஜர் விஜய்குமாரிடம் அனுமதி வாங்கினார். மைனஸ் ஐந்துக்கு வைத்தார். பிறகு ஒரு தாளில் விதிகள் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒன்று, இருபது நிமிடம் உள்ளே உட்கார வேண்டும். இரண்டு, ஸ்வெட்டர், குல்லா அனுமதி உண்டு. மூன்று, நடுவில் வெளியே வருகிறவர் மனாலிக்கு வர முடியாது. நான்கு, காரணம் எதுவானாலும் கேட்கப்பட மாட்டாது.

நான்காவது விதியில்தான் பழனியின் மூளை முழுவதும் இருந்தது. நங்கைக்கு ஐந்து நிமிடத்தில் போன் வரும், ஆறாவது நிமிடத்தில் முழங்கால் வலிக்கும் என்று அவர் கணித்திருந்தார்.

"இது யாருக்கு வெச்ச பரீட்சைன்னு எனக்குத் தெரியாதா மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே உமாதேவி கையெழுத்துப் போட்டாள். கூடவே ஒரு பை பச்சைப் பட்டாணிக்காய் கொண்டுவந்தாள், உரிக்க.

ஞாயிறு காலை நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு குடும்பம் உள்ளே போயிற்று. கதவை உள்ளிருந்து திறக்கும் பித்தானைப் பற்றிப் பழனி பத்து நிமிடம் சொற்பொழிவாற்றினார். தாம் மட்டும் அரைக்கைச் சட்டையோடு, மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சோனியா மொபைலில் மணியை ஓடவிட்டாள்.

ஐந்தாவது நிமிடம். உமாதேவி பட்டாணி உரித்தாள். எட்டாவது நிமிடம். லீலாவின் பல் தந்தியடித்தது. பத்தாவது நிமிடம். உமாதேவி ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"நங்கை, குளிரலைங்களா?"

"கேன்டீன்ல காய் நறுக்குற இடத்தை எப்பவும் ஃப்ரிட்ஜ் மாதிரிதான் வெச்சிருப்பாங்க மாப்ள. பதினோரு வருஷமா அங்கதான் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன். நீங்க கேட்டதே இல்லையே?"

பழனி கேட்டதில்லைதான். அவர் முகத்தில் முதல்முறையாகக் குளிர் தெரிந்தது.

பதிமூன்றாவது நிமிடத்தில் கூரையோரம் குளிர்காற்றை வீசிக்கொண்டிருந்த மின்விசிறி லேசாக, "கர்ர்" என்றது. மற்ற மூன்று பேருக்கும் கேட்கவேயில்லை. பழனிக்கு முதுகெலும்பில் கேட்டது. பேரிங் போகிற சத்தம். அவர் கால்மேல் போட்ட காலை இறக்கினார். "கர்ர்ர்." காதைப் பொத்தினார். "கர்ர்ர்ர்ர்." இருபத்தாறு வருடப் பழக்கம் எழுந்தது, கதவைத் திறந்தது, ஸ்விட்ச்போர்டுக்கு ஓடிப் போய் விசிறியை நிறுத்தியது. அந்தப் பழக்கத்தின் பின்னாலேயே பழனியும் போயிருந்தார் என்பதுதான் சிக்கல்.

உள்ளிருந்து உமாதேவியின் குரல் வந்தது:

"லீலா, உன் வீட்டுக்காரர் வெளிய போயிட்டாரு."

பழனி கதவோரம் நின்று பேரிங்கின் அமைப்பை விளக்கத் தொடங்கினார். சோனியா தாளை விரித்தாள். "சும்னே இரு அப்பா," என்றாள் பாதிக் கன்னடத்தில். "நாலாவது ரூல். காரணம் கேட்க மாட்டோம்." மூன்று பேரும் மிச்ச ஏழு நிமிடத்தையும் உட்கார்ந்து முடித்துவிட்டு, பட்டாணித் தோலோடு வெற்றிகரமாக வெளியே வந்தார்கள்.

பழனி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. போட்டோ அனுப்புங்க," என்றார். அந்த "போட்டோ"வில் குரல் உடைந்தது. லீலா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அது குளிராலா துக்கத்தாலா என்று தெரியவில்லை.

"ரூல் ரூல்தான்," என்றாள் உமாதேவி. "ஆனா இன்னொரு தரம் பரீட்சை எழுதக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்லையே? அந்த விசிறியைப் போடுங்க. ரிப்பேர் பண்ணாம, அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, கையைக் கட்டி இருபது நிமிஷம் உட்காருங்க பார்ப்போம்."

எந்த நீதிமன்றமும் விதித்திராத தண்டனை. பழனி லீலாவின் ஸ்வெட்டரை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன்னால் உமாதேவி நின்றாள்.

விசிறி அலறியது. பழனி கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்தார், உட்கார்ந்தார். பதினாலில் கண்ணை மூடி முருகனை அழைத்தார், ஸ்பானர் எடுத்து வரச் சொல்லத்தானோ என்னவோ. கதவைத் திறந்து திறந்து மூடியதில் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்க் கூரையெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. பதினெட்டாவது நிமிடம், ஆடுகிற விசிறியின் அதிர்வில் அது உதிரத் தொடங்கியது. பொடிப்பொடியாக, சத்தமில்லாமல், பழனியின் தலையிலும் ஸ்வெட்டரிலும்.

"ஐயோ லீலா! சோனி! ஓடியாங்க, ஓடியாங்க! மாப்ள மேல பனி பேயுது!" கண்ணாடியில் மூக்கு நசுங்க, உமாதேவி குதித்தாள். "எவ்ளோ அழகா விழுது பாருங்கடி! எவ்ளோ!"

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்காது. பழனி பார்த்தது, வாயைப் பிளந்து கைதட்டுகிற ஒரு நங்கையை மட்டும்தான். மணி அடித்ததும் சோனியா கதவைத் திறந்தாள். அவர் வெளியே வந்தார், புருவமெல்லாம் வெள்ளை.

"மாப்ள, அங்கயும் இப்படித்தான் விழுமா?"

பழனி தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். இது பனி இல்லை, பராமரிப்புக் குறைபாடு என்று அவருக்குத் தெரியும்.

"இதெல்லாம் ஒண்ணுமில்லைங்க நங்கை," என்றார். "இவ்ளோதான்."

சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் நின்று திரும்பி, "சோனி, செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நாலு டிக்கெட். பெரியம்மாவுக்குக் கீழ் பெர்த்," என்றார். "ஜன்னலை ஒட்டி."